பட்டம் இல்லாதவருக்கும் இயற்கை ஆய்வுக்கான சிறு நல்கை கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக வீட்டுக்கு அருகிலுள்ள நான்கு குளங்களில் தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறீர்கள். விலங்கியல் படித்தவர் அல்லர், எந்த ஆய்வு நிறுவனத்தையும் சேர்ந்தவரும் அல்லர், பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. உள்ளூர்க் காட்டுயிர்களையும் இயற்கையையும் ஆராய்வோருக்குத் தரப்படும் சிறு நல்கைகள், விருதுகள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு, போகிற போக்கில் சொன்னதுபோல, “எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களா?” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். பட்டியல் எங்கும் கிடைக்கும். ஓராண்டில் பழசாகியும் விடும். ஆகவே அந்தக் கடைசி வரிக்குத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன். பட்டியலில் இருக்கவேண்டிய பெயர்கள் சில வழியிலேயே வந்து சேரும்.

நான் பூச்சியியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீர்ப்பூச்சிகளோடு வேலை செய்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள் ஓர் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் நல்கைக் குழுவில் இருந்து விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் நானே விண்ணப்பித்து, கிடைத்ததைவிடக் கிடைக்காததே அதிகம் என்ற கணக்கிலும் இருக்கிறேன். கடல் ஆய்வுக்கும் பெரிய பாலூட்டிகளின் ஆய்வுக்கும் நிதி தேடும் முறைகள் வேறு. அவற்றைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. வெளிநாட்டுப் பணத்தைப் பெறுவதற்கான சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு மாறுபவை என்பதால் அவற்றையும் தொடவில்லை. பணம் வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டம் இல்லாதது மட்டுமே தகுதியிழப்பு ஆகாது. இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன என்று இதற்குப் பொருளல்ல. அமெரிக்காவின் சிக்மா ஸை என்னும் அறிவியல் சங்கம் 1922 முதல் சிறு ஆய்வு நல்கைகளை வழங்கிவருகிறது. தொகை பெரும்பாலும் 1,000 டாலரைத் தாண்டாது. ஆனால் அது மாணவர்களுக்கு மட்டும் உரியது. 1985இல் தொடங்கிய கன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம், இயற்கைப் பாதுகாப்புப் பணியில் புதிதாகக் காலெடுத்து வைப்பவர்களைத் தேடுகிறது. அதற்குக் குறைந்தது மூவர் கொண்ட குழுவாக விண்ணப்பிக்க வேண்டும். ரஃபர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளில் நடக்கும் பாதுகாப்புப் பணிகளுக்குச் சிறிய முதல் நல்கையில் தொடங்கி, அதை ஒழுங்காக முடித்தவர்களுக்கு அடுத்தடுத்த கட்ட நல்கைகளைத் தருகிறது. அங்கே பட்டத்தைவிட உங்கள் வேலையை அறிந்தவர்களின் பரிந்துரைகளுக்கு எடை அதிகம். வெறும் ஏட்டறிவுக்கான ஆய்வு என்று தோன்றினால் வாய்ப்புக் குறைவு. மொகமது பின் ஸாயித் உயிரினப் பாதுகாப்பு நிதி, குறிப்பிட்ட ஓர் உயிரினத்தை மையமாகக் கொண்ட திட்டங்களுக்கு 25,000 டாலர் வரை தரும். புலியும் யானையும் போலவே பூச்சிக்கும் செடிக்கும் பூஞ்சைக்கும் அங்கே இடமுண்டு என்பது எங்களைப் போன்ற பூச்சிக்காரர்களுக்கு ஆறுதல். ஐடியா வைல்ட் என்னும் அமைப்பு பணமாகத் தராமல் கருவியாகத் தருகிறது.

இவற்றுக்கெல்லாம் கீழே, வெளியே அதிகம் தெரியாத ஓர் அடுக்கு இருக்கிறது: பறவை மன்றங்கள், தாவரவியல் சங்கங்கள், பூச்சியியல் சங்கங்கள், ஒரு மாவட்ட அளவிலேயே இயங்கும் இயற்கை வரலாற்றுக் கழகங்கள். மறைந்த உறுப்பினர் ஒருவர் உயிலில் எழுதிவைத்துப் போன தொகையின் வட்டியை ஆண்டுதோறும் மூன்று நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதிகள் இவற்றில் பல. தொகை மிகச் சிறியது. சில இடங்களில் இரண்டு பக்க விண்ணப்பமே போதும். ஓராண்டாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் சில இடங்களில் உண்டு. உங்கள் முதல் விண்ணப்பம் இந்த அடுக்குக்கே போகவேண்டும் என்பது என் கருத்து. பட்டமில்லாத ஆய்வாளர்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாங்களே அத்தகையவர்கள்.

பட்டமில்லாதவர் என்றதும் எல்லாரும் எடுத்துக்காட்டும் பெயர், சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால். 1960 ஜூலையில் அவர் கிழக்கு ஆப்பிரிக்காவின் கோம்பேக் காட்டுக்குப் போனபோது கையில் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. அமெரிக்கத் தொழிலதிபர் லெய்ட்டன் வில்கி தந்த 3,000 டாலர்தான் முதல் ஆறு மாதங்களுக்கான பணம். வில்கியின் தொழில் வெட்டுக்கருவிகளும் இயந்திரங்களும் செய்வது. ஆதிமனிதர் கருவி செய்யத் தொடங்கிய கதையில் அவருக்குத் தனி ஆர்வம். அந்தப் பணம் தீர்வதற்குள், அதே ஆண்டு நவம்பரில், சிம்பன்சி ஒன்று புல்தண்டைக் கறையான் புற்றுக்குள் நுழைத்துக் கறையான்களை வெளியே எடுத்துத் தின்பதைக் குடால் பார்த்தார். கருவி செய்பவர் கொடுத்த பணத்தில், கருவி செய்யும் விலங்கைக் கண்ட கதை இது. அமெரிக்காவின் தேசிய புவியியல் கழகத்தின் (நேஷனல் ஜியாக்ரஃபிக்) நிதி அடுத்த ஆண்டுதான் வந்தது. இந்தக் கதையை நானும் சொல்வதுண்டு. ஆனால் பாதியை மட்டும் சொல்வது நேர்மையாகாது. குடாலுக்குப் பட்டம் இல்லை, உண்மைதான். ஆனால் அவரை அங்கே அனுப்பிய தொல்மானிடவியலாளர் லூயிஸ் லீக்கி அவருக்காகப் பேச இருந்தார். பணத்தைக் கேட்டுப் பெற்றவரும் லீக்கிதான். ஆகவே பட்டமில்லாதவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, “திறமை இருந்தால் போதும்” என்பதையன்று, “உங்கள் குறிப்பேட்டைப் பார்த்தவர், உங்களோடு குளக்கரையில் நின்றவர், உங்களுக்காக ஒரு பக்கம் எழுதக்கூடியவர் யார்?” என்ற கேள்வியை. அப்படி ஒருவர் இல்லையென்றால், விண்ணப்பம் எழுதுவதற்கு முன் தேடவேண்டியது அவரைத்தான். உங்கள் தட்டான் படங்களை இனம் பிரித்துத் தரும் ஆர்வலர் ஒருவர் எங்காவது இருப்பார். அவரோடு ஒரு பருவம் கடிதத் தொடர்பில் இருங்கள். பெரிய பதவியில் இருப்பவர் எழுதித்தரும் பொதுவான நற்சான்றைவிட, “இவர் அனுப்பிய நாற்பது படங்களில் இனம் தவறாகச் சொன்னது இரண்டுதான், அந்த இரண்டையும் சந்தேகம் என்று குறித்தே அனுப்பியிருந்தார்” என்று ஒருவர் எழுதும் வரி எங்கள் குழுவில் அதிகம் வேலை செய்தது.

இனி ஆய்வுக்கு வருகிறேன். “என் பகுதித் தட்டான்களின் பல்வகைமையை ஆவணப்படுத்துதல்” என்று நீங்கள் எழுதியிருக்கும் தலைப்பை நான் குழுவில் பார்த்திருந்தால், நல்ல மனிதர், இன்னும் கேள்வியைக் கண்டுபிடிக்கவில்லை என்று ஓரத்தில் எழுதியிருப்பேன். என்னுடைய முதல் விண்ணப்பமும் இதே நோயால்தான் விழுந்தது. ஒரு மலைத்தொடரின் நீர்ப்பூச்சிகள் அனைத்தையும் ஓராண்டில் கணக்கெடுக்கிறேன் என்று எழுதியிருந்தேன், “இதை முடிக்க இவருக்கு எத்தனை ஆயுள்?” என்று குழுவில் ஒருவர் கேட்டதாகப் பிறகு தெரிந்தது. சிறு நல்கை என்பது ஒரு கேள்விக்கு விடை வாங்கும் பணம். உங்கள் ஆர்வம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கேள்வி அந்தப் பணத்தின் அளவுக்கு வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெட்டும் வேலையை விண்ணப்பதாரர் செய்யாவிட்டால் குழு செய்யாது, அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளும்.

உங்கள் குளங்களிலேயே அத்தகைய கேள்வி ஒன்று கிடக்கிறது. பறக்கும் தட்டானைப் பார்த்தோம் என்பதற்கு, அது அங்கே வந்தது என்பதைத் தாண்டிப் பொருளில்லை. பாண்டலா ஃபிளாவெசென்ஸ் போன்ற தட்டான் கடலைக் கடந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும். ஒரு குளத்தின்மேல் அது நூற்றுக்கணக்கில் பறப்பதைக் கொண்டு அக்குளத்தின் நலத்தைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் தட்டானின் இளம்பருவம் நீருக்குள் வாழ்வது. வளர்ந்து முடிந்ததும் அது ஒரு கோரைத்தண்டைப் பற்றி ஏறி, நீருக்கு மேலே நின்று, முதுகு பிளந்து சிறகோடு வெளியே வருகிறது. பல இனங்களில் இது இரவிலும் விடியலிலும் நடக்கும். உரித்துப்போட்ட தோல் தண்டைப் பிடித்தபடியே நிற்கும். அருகில் குனிந்து பார்த்தால் பிளவின் உள்ளே வெள்ளை நூல்கள் சில தொங்குவது தெரியும். அவை மூச்சுக்குழல்களின் உள்தோல். தலைக்கு அடியில் மடித்து வைத்த இரைபிடிக்கும் கீழுதடு, வயிற்றின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்கள் இவற்றைக் கொண்டு பெரிய தட்டான்களில் பலவற்றை இனம்வரை பிரித்துவிடலாம். ஊசித்தட்டான்களின் தோலில் அது கடினம். அதை விண்ணப்பத்திலேயே ஒப்புக்கொள்வது உங்கள்மேல் நம்பிக்கையைக் கூட்டும். ஓர் உரிதோல் கிடைத்தால், அந்த இனம் அந்தக் குளத்தில் பிறந்து வளர்ந்து வெளியேறியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆகவே கேள்வியை இப்படி எழுதலாம்: நான்கு குளங்களிலும் பறக்கக் காணும் இனங்களில் எவை அங்கேயே இனம் பெருக்குகின்றன? கரை கோரையோடு விடப்பட்ட இரண்டு குளங்களுக்கும், கரை வெட்டிச் சீராக்கப்பட்ட இரண்டு குளங்களுக்கும் அதில் வேறுபாடு இருக்கிறதா? நான்கு குளங்களை வைத்துக்கொண்டு கரையால்தான் வேறுபாடு வந்தது என்று நிறுவ முடியாது. மீன், நிழல், ஆழம், பூச்சிக்கொல்லி என்று வேறு காரணங்கள் பல இருக்கும். ஆனால் முதல் பகுதிக்குத் தெளிவான விடை கிடைக்கும். இரண்டாவது பகுதிக்கு, பெரிய ஆய்வு தேவையா என்று சொல்லும் அளவுக்கு ஒரு தடயம் கிடைக்கும். இவ்வளவுதான் கிடைக்கும் என்று நீங்களே எழுதிவிடுங்கள். காற்றும் மழையும் உரிதோல்களைத் தட்டிவிடும் என்பதால், இடைவெளி மாறாமல் போய்த் தேடவேண்டும் என்பதும், ஒவ்வொரு குளத்திலும் ஒரே நீளக் கரையை ஒரே நேர அளவுக்குத் தேடவேண்டும் என்பதும் முறையியல் பகுதியில் வரவேண்டிய இரண்டு வாக்கியங்கள். இவை இருந்தால், எழுதியவர் குளக்கரையில் மண்டியிட்டுப் பார்த்தவர் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அதே கள அறிவு செலவுத் திட்டத்தில் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். நான் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்க்கும் பக்கம் அதுதான். குழுவில் வேறு பலரும் அப்படியே என்று பின்னர் தெரிந்தது. நான்கு தானியங்கி கேமராக்கள் கேட்ட ஒரு விண்ணப்பம் நினைவிருக்கிறது. நீர்நாய் பற்றிய நல்ல கேள்வி, எழுத்தும் நன்று. கேமராவின் விலை கடைசி இலக்கம்வரை துல்லியமாக இருந்தது. ஆனால் மின்கலங்களும் நினைவக அட்டைகளும் கேமராவை மரத்தோடு பிணைக்கும் பூட்டுகளும் அதில் இல்லை. ஆறு மாதம் களத்தில் நிற்கும் கேமரா எத்தனை தடவை மின்கலம் தின்னும் என்பது, ஒரு மாதம் இரவல் கேமராவை வைத்துப் பார்த்தவருக்குக்கூடத் தெரியும். அந்த ஆண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு இரண்டே கேமரா கேட்டு, பூட்டு உட்பட எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார், கிடைத்தது.

உங்கள் திட்டத்தில் பெருஞ்செலவு பயணம்தான். பதினாறு வாரப் பருவம், வாரம் இரண்டு முறை என்றால் 32 பயணங்கள். ஒரு பயணத்துக்கு இத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெருக்கிக் காட்டுங்கள். கை உருப்பெருக்கி, மூடியுள்ள சிறு குழாய்கள், முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் காலணி, நீரின் வெப்பநிலையும் கார அமில அளவும் பார்க்கும் எளிய கருவி, சந்தேகமான தோல்களை வல்லுநர் ஒருவருக்கு அனுப்பும் செலவு, இவ்வளவுதான் வரும். மடிக்கணினி கேட்காதீர்கள், பெரும்பாலான சிறு நிதிகள் அதைத் தள்ளிவிடும். உங்கள் நேரத்துக்குச் சம்பளம் தருவதையும் இவற்றில் பல விலக்கியிருக்கும். அது நியாயமா என்பது வேறு கேள்வி. நியாயமில்லை என்பதே என் எண்ணம்: நேரத்துக்கு விலையில்லை என்றால், நேரத்தைச் சும்மா கொடுக்க வசதியுள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். ஆனால் விதியை விண்ணப்பத்துக்குள் வாதாடி மாற்ற முடியாது; உங்கள் உழைப்பை மணிக்கணக்கில் எழுதி, இது என் பங்களிப்பு என்று காட்டுங்கள். நிதி வெளிநாட்டிலிருந்து வருமானால் வங்கிக் கட்டணமும் நாணய மாற்றும் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் மேலாக ஒன்று: விண்ணப்பிக்கவே கட்டணம் கேட்கும் “சர்வதேச” நிதி எதையாவது கண்டால் விலகிவிடுங்கள். சங்கத்தின் உறுப்பினர் சந்தா வேறு, அது முறையானது.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விவரம் முழுக்க உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. உரிதோல் எடுப்பதால் எந்த உயிருக்கும் தீங்கில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் காய்ந்த சருகை எடுப்பதற்கும் அனுமதி தேவைப்படலாம், தனியார் குளமென்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மாதிரிகளை நாடு கடந்து அனுப்புவதாக இருந்தால் பல நாடுகளில் தனிச் சட்டங்கள் குறுக்கே வரும். முதல் நல்கைக்கு அந்த வம்பே வேண்டாம். அனுமதி வருவதற்கு நல்கை முடிவைவிட நீண்ட காலம் பிடிப்பது வழக்கம். ஆகவே இரண்டுக்கும் ஒரே சமயத்தில் எழுதிவிட்டு, “அனுமதிக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்துள்ளேன்” என்று குழுவுக்குச் சொல்வது போதுமானது.

சிறு நல்கைகளின் மிகப்பெரிய குறை அவற்றின் தொகையன்று, காலம்தான் என்று நான் நினைக்கிறேன். ஓராண்டுக்குள் முடித்துக் கணக்குக் காட்டு என்பார்கள்; இயற்கையிலோ முக்கியமான விடைகள் பல, இருபது ஆண்டு அலுக்காமல் எண்ணியவர்களுக்கே கிடைக்கின்றன. ஜெர்மனியின் கிரேஃபெல்டு நகரப் பூச்சியியல் சங்கம் 1905இல் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் பெரும்பாலும் தொழில்முறையல்லாத ஆர்வலர்கள். அவர்கள் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போன்ற மலேஸ் பொறிகளை நட்டு, விழுந்த பூச்சிகளை எடைபோட்டு, புட்டிகளைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். 27 ஆண்டுத் தரவு 2017இல் ஆய்வுக்கட்டுரையாக வந்தபோது, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது தெரிந்தது. இதை எந்த ஓராண்டு நல்கையாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் ஒரே முறையை மாற்றாமல் வைத்திருந்தால், ஓராண்டு நல்கையை நீண்ட தொடரின் முதல் கண்ணியாக்க முடியும். உங்கள் தரவை, தேதி, இடத்தின் ஆயத்தொலைவு, தேடிய நேரம், கிடைக்காத நாளின் பூச்சியம் உட்பட, உலகப் பல்லுயிர்த் தகவல் தொகுதியான ஜிபிஃப் போன்ற பொதுத் தளத்தில் சேர்ப்பேன் என்று விண்ணப்பத்திலேயே உறுதி கூறுங்கள். பூச்சியத்தை எழுதாமல் விடுவதுதான் ஆர்வலர்களின் தரவில் நான் கண்ட பெரிய ஓட்டை.

இதுவரை எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உறுதியானது. இனி உறுதி குறைந்தவை. நன்றாக எழுதினால் கிடைக்குமா என்றால், மோசமாக எழுதினால் கிடைக்காது என்பதை மட்டுமே அடித்துச் சொல்ல முடியும். அமெரிக்காவில் ஏற்கெனவே முடிவுசெய்யப்பட்ட 150 விண்ணப்பங்களை வேறு மதிப்பீட்டாளர்களிடம் மறுபடியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1981இல் வெளிவந்தது. ஒரு விண்ணப்பத்தின் விதியில் ஏறத்தாழப் பாதி அதன் தரத்தாலும், மறுபாதி யார் கையில் அது சிக்கியது என்ற தற்செயலாலும் அமைகிறது என்பது அதன் முடிவு. அங்கே பரிசோதிக்கப்பட்டவை பெரிய அரசு நிதிகள். நாலு பேர் உட்கார்ந்து முடிவுசெய்யும் சங்க நிதிக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்துமா என்று சொல்வதற்கில்லை. ஆனால் என் அனுபவம் அதை மறுக்கவில்லை. மேல்மட்டத்தில் இரண்டு மூன்று விண்ணப்பங்களைப் பற்றி எல்லாருக்கும் ஒரே கருத்து இருக்கும், அடிமட்டத்தைப் பற்றியும் அப்படியே. நடுவில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டில் எது போகும் எது நிற்கும் என்பது அன்று கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் அகாதெமி இதை ஒப்புக்கொண்டு, 2022இல் தன் சிறு ஆய்வு நல்கைகளுக்குத் தர அளவைத் தாண்டியவர்களுக்குள் குலுக்கல் முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தது. எங்கள் குழுவில் அதை நான் முன்மொழிந்தபோது ஒருவரும் ஆதரிக்கவில்லை. தற்செயலால் தேர்ந்தெடுக்கிறோம் என்று வெளியே சொல்வது யாருக்கும் பிடிக்கவில்லை.

இதோடு சேர்த்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னோர் ஆய்வு 2018இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. இளம் ஆய்வாளர் நல்கையில் மயிரிழையில் வென்றவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் தொடர்ந்து பார்த்தார்கள். தரத்தில் இருவருக்கும் வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் வென்றவர்கள் பெற்ற நிதி தோற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கான காரணங்களில் ஒன்று, தோற்றவர்கள் பிறகு விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டார்கள் என்பது. ஆகவே முதல் மறுப்புக் கடிதம் வரும்போது, அதைக் குளத்தைப் பற்றிய தீர்ப்பாகவோ உங்களைப் பற்றிய தீர்ப்பாகவோ எடுத்துக்கொள்ளாமல், மதிப்பீட்டாளர் குறிப்புகள் உண்டா என்று கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். எங்கள் சங்கத்தில் அப்படிக் கேட்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கேட்டவர்களுக்கு நாங்கள் எழுதித் தராமல் இருந்ததும் இல்லை.

விருதுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் நல்கை என்பது செய்யப்போவதற்கு, விருது என்பது செய்துமுடித்ததற்கு. இந்த வேறுபாடு சில இடங்களில் கலங்கிவிடும். 1994இல் தொடங்கிய விட்லி விருது பெயரில்தான் விருது. 50,000 பவுண்டு என்னும் அதன் தொகை அடுத்து நடக்கவேண்டிய பணிக்கான நிதி. அது பல ஆண்டு களப்பணியில் தலைமை ஏற்று நின்றவர்களுக்கு உரியது, இப்போது உங்களுக்கு அது பொருந்தாது. சங்கங்கள் தரும் சிறு விருதுகள் வேறு வகை: சங்க இதழில் வந்த சிறந்த குறிப்புக்கு, நெடுநாள் பதிவாளருக்கு, இளம் இயற்கையாளருக்கு என்று இருக்கும். இவற்றுக்குப் பெரும்பாலும் இன்னொருவர் உங்களை முன்மொழிய வேண்டும். பணம் சொற்பம், பயன் என்னவென்றால், அடுத்த விண்ணப்பத்தில் உங்களை அறியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். விருதுகளால் இயற்கைப் பாதுகாப்புக்கு நிகர நன்மை எவ்வளவு என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முகம் தெரிந்தவருக்கும் அழகான விலங்குக்கும் அவை சாய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீர்க்கரப்பானுக்காக யாரும் மேடையேறியதை இதுவரை பார்க்கவில்லை. ஆகவே விருதைத் தேடிப் போவதில் நேரம் செலவிடாதீர்கள்; யாராவது முன்மொழிந்தால் மறுக்கவும் வேண்டாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ரஃபர்ட் அறக்கட்டளையின் தளத்தில் நிதி பெற்ற திட்டங்களின் அறிக்கைகள் பொதுவில் கிடக்கின்றன. உங்களுடையதைப் போன்ற நீர்ப்பூச்சித் திட்டங்கள் நான்கைந்தின் இறுதி அறிக்கைகளைப் படியுங்கள். திட்டமிட்டதில் எது நடக்கவில்லை, ஏன் என்று எழுதியிருக்கும் பகுதியை முதலில் படியுங்கள். விண்ணப்பம் எழுதக் கற்றுத்தரும் எந்த வகுப்பும் அவ்வளவு சொல்லித் தராது. பிறகு உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பூச்சியியல் அல்லது இயற்கை வரலாற்றுச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகி, மூன்றாண்டுக் குறிப்புகளிலிருந்து இனப்பட்டியலும் காணப்பட்ட மாதங்களும் கொண்ட இரண்டு பக்கக் குறிப்பை அவர்களுடைய இதழுக்கோ செய்திமடலுக்கோ அனுப்புங்கள். அது அச்சாகிவிட்டால், பட்டம் என்ற கட்டத்தில் நீங்கள் எதுவும் எழுதமுடியாமல் விடும் வெற்றிடத்துக்குக் கீழே, வெளியீடு என்ற கட்டத்தில் ஒரு வரி இருக்கும்.

உரிதோல்களைச் சேர்க்க நல்கைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தண்டோடு இழுத்தால் கால்கள் ஒடியும். விரல் நுனியால் இலேசாக நீர் தடவி, தோல் இளகியதும் எடுங்கள். ஈரம் உலர்ந்தபிறகே மூடியுள்ள குழாயில் போடவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குழாய்க்குள்ளேயே சிறு தாளில் குளம், தேதி, நேரம், நீரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள்; மை காலத்தில் மங்கும். ஒரு பருவத்தில் இருநூறு தோல் சேர்ந்தால், அந்தப் பெட்டியின் படத்தையும் எண்ணிக்கை அட்டவணையையும் முன்னோட்டத் தரவாக விண்ணப்பத்தோடு இணைக்கலாம். அட்டவணை தயாரானதும் இதே கேள்வியின் கீழ் இடுங்கள். இனம் பிரிப்பதில் சந்தேகமானவற்றை நானும் பார்த்துச் சொல்கிறேன், ஊசித்தட்டான்களைத் தவிர.